காந்தத்தில் ஒட்டிய கறுப்பு மணல்: மேக்னடைட்டா, ஹேமடைட்டா?

கேள்வி இதுதான். திருவொற்றியூர் கடற்கரையில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை மணலில் இழுத்திருக்கிறாள். ஒரு கைப்பிடி கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பள்ளியில் அதை ஹேமடைட் என்றார்களாம். மைத்துனர் இல்மனைட் என்கிறார். தேடிப் பார்த்தால் மேக்னடைட் என்று வருகிறது. "எல்லாமே இரும்பு ஆக்சைடுதானே, அப்புறம் எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? பிராஜெக்டில் என்ன எழுதுவது?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் மகள் கையில் இருப்பது பெரும்பாலும் மேக்னடைட். "பெரும்பாலும்" என்று ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். ஹேமடைட்டுக்கு ஸ்பீக்கர் காந்தத்தைப் பார்த்ததும் இப்படித் தாவி ஒட்டும் குணம் கிடையாது. இல்மனைட், அதாவது இரும்போடு டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு, அந்த மணலில் கட்டாயம் இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி உங்கள் காந்தத்துக்கு மசியாமல் கரையிலேயே தங்கியிருக்கும். ஆக மைத்துனர் சொன்னது மணலைப் பற்றிச் சரி, காந்தத்தில் ஒட்டியதைப் பற்றித் தவறு.

நான் மண்ணடிப் பக்கம் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் 22 வருடம் தாது பரிசோதிக்கும் வேலை பார்த்தவன். பெல்லாரி, ஹோஸ்பேட் பக்கத்து இரும்புத் தாது ரயிலில் வந்து, சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக் வழியாகக் கப்பலேறிய காலம் அது. அங்கே எந்திரமயமான தாது தளம் 1977இல் வந்தது. தூசிப் பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போய், 2011 அக்டோபர் 1 முதல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் அங்கே கையாளப்படுவது நின்றது. அதுவரை ராயபுரம், காசிமேடு மக்களுக்கு ஹேமடைட் என்ற பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம், நிறம் நன்றாகத் தெரியும். மாதிரி எடுக்கப் போகும்போது நான் போட்ட காக்கிச் சட்டைகள் எல்லாம் எத்தனை முறை துவைத்தாலும் செங்கல் நிறத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை.

அந்தச் சிவப்பில்தான் முதல் பாடம் இருக்கிறது. கட்டியாக இருக்கும் ஹேமடைட் பல நேரம் சிவப்பாக இருக்காது. எஃகு போலச் சாம்பல் பளபளப்பு, சிலது கிட்டத்தட்டக் கறுப்பு. 'புளூ டஸ்ட்' என்று ஒரு ரகம் வரும், உயர்ந்த சரக்கு, பெயருக்கேற்ற நீலச்சாம்பல் தூள். ஆனால் எந்த ரகத்தையும் மெருகு போடாத வெள்ளைப் பீங்கானில் தேய்த்தால் கோடு சிவப்பாகத்தான் விழும். மேக்னடைட் கறுப்புக் கோடு போடும். கோதைட் என்ற இன்னொரு இரும்புத் தாது மஞ்சள் கலந்த பழுப்பு. இதைக் கீற்றுச் சோதனை என்பார்கள். கல்லின் மேல்தோல் ஏமாற்றும், தூள் ஏமாற்றாது. புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் கட்டியின் நிறத்தைப் பார்த்துப் பெயர் சொன்னால் எங்கள் சீஃப் கெமிஸ்ட் ஒன்றும் பேசமாட்டார், உடைந்த டைல் துண்டை எடுத்து மேஜைமேல் வைப்பார். ஹேமடைட் என்ற பெயரே கிரேக்க மொழியில் இரத்தத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது.

சரி, வகைப்பாட்டுக்கு வருவோம். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தால் ஒரே ஒரு பொருள்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எந்த விகிதத்தில் சேர்கிறது என்பது முதல் கேள்வி. மேக்னடைட்டில் 3 இரும்புக்கு 4 ஆக்சிஜன். ஹேமடைட்டில் 2 இரும்புக்கு 3 ஆக்சிஜன். எடைக்கணக்கில் தூய மேக்னடைட்டில் 72.4 சதவீதம் இரும்பு, ஹேமடைட்டில் 69.9, நீர்க்கூறு சேர்ந்த கோதைட்டில் 62.9. வியாபாரத்தில் இந்தக் கடைசி எண்தான் தலைவலி. "63.5 கிரேடு" என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு, சரக்கில் கோதைட் கூடிவிட்டால் அந்த எண் எட்டவே எட்டாது, எவ்வளவு சுத்தம் செய்தாலும் கோதைட்டின் உச்சம் 62.9தான். இரும்பைப் பிழிந்து எடுத்தாற்போல் அளக்க நாங்கள் செய்தது பழைய டைகுரோமேட் முறை. தாதுவை அமிலத்தில் கரைத்து, ஸ்டானஸ் குளோரைடு சேர்த்து, டைகுரோமேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் குடுவை சட்டென்று ஊதாவாகும். அந்த ஒரு சொட்டுக்காக விற்பவர் ஆளும் வாங்குபவர் ஆளும் இரண்டு பக்கமும் நின்று முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த ஊதா, இரும்பு எவ்வளவு என்றுதான் சொல்லும். எந்தக் கனிமம் என்று சொல்லாது. இது உங்கள் கேள்விக்கு முக்கியம்.

கனிமங்களை உலக அளவில் அடுக்கிவைக்கும் முறைகளில் அதிகம் புழங்குவது ஹியூகோ ஸ்ட்ரன்ஸ் என்ற ஜெர்மானியர் 1941இல் வெளியிட்ட அட்டவணையில் இருந்து வளர்ந்தது. அதில் ஆக்சைடுகள் நான்காம் வகுப்பு. அதற்குள் உலோகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதப்படி அறைகள். 3க்கு 4 என்றால் ஓர் அறை, அங்கே மேக்னடைட். 2க்கு 3 என்றால் அடுத்த அறை, அங்கே ஹேமடைட், அதே அறையில் இல்மனைட். கோதைட் போல ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி, உள்ளவை தள்ளி இன்னொரு பிரிவில்.

இதுவரை மளிகைக் கடை ரேக் மாதிரி நேராகத்தான் இருக்கிறது. இப்போது மேகமைட் என்று ஒருவன் வருகிறான். இவனுடைய சூத்திரம் அச்சு அசல் ஹேமடைட்: 2 இரும்பு, 3 ஆக்சிஜன், ஓர் அணு கூடக் குறைய இல்லை. குடுவையில் கரைத்தால் நாங்கள் இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. ஆனால் காந்தத்தைக் காட்டினால் மேக்னடைட் போலத் தாவி ஒட்டும். பெயர் வைத்தவர்கள் மேக்னடைட்டின் முதல் எழுத்துகளையும் ஹேமடைட்டின் முதல் எழுத்துகளையும் ஒட்டி மேகமைட் என்றே வைத்துவிட்டார்கள். விகிதப்படி ஹேமடைட் அறையில் உட்கார வேண்டியதை, அட்டவணை மேக்னடைட்டின் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது. ஏன்?

அடுக்குதான் காரணம். கொத்தவால்சாவடி கோயம்பேட்டுக்குப் போவதற்கு முன்னால் அங்கே ஆரஞ்சு குவித்துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வயதுக்கு இல்லையென்றால் இப்போது எந்தப் பழக்கடையிலும் பாருங்கள். கீழ் வரிசையின் பள்ளங்களில் இரண்டாம் வரிசை உட்காரும். மூன்றாம் வரிசையை வைக்க இரண்டு வழி உண்டு. முதல் வரிசைப் பழங்களுக்கு நேர் மேலே வைக்கலாம். அல்லது இரண்டு வரிசையும் விட்டுவைத்த பள்ளங்களுக்கு மேலே வைக்கலாம். இரண்டு அடுக்குமே நெருக்கம், இரண்டுமே உறுதி. ஆனால் வேறு வேறு. ஆக்சிஜன்தான் பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேமடைட் ஏறக்குறைய முதல் வழி, மேக்னடைட் இரண்டாம் வழி. பழங்களுக்கு நடுவே விழும் சந்துகளில் இரும்பு அணுக்கள் போய் உட்காருகின்றன. நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த சின்னச் சந்து ஒன்று, ஆறு சூழ்ந்த பெரிய சந்து ஒன்று.

மேக்னடைட்டில் இரண்டு வகைச் சந்திலும் இரும்பு இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, மூன்று எலெக்ட்ரான் இழந்த இரும்பு. ஒரு பங்கு, இரண்டு இழந்த இரும்பு. மூன்று இழந்தவற்றில் பாதி சின்னச் சந்தில், பாதி பெரிய சந்தில். இந்த இரண்டு பாதிகளும் கயிறு இழுக்கும் போட்டி போல எதிரெதிர்த் திசையில் இழுத்து ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. பெரிய சந்தில் இருக்கும் இரண்டு இழந்த இரும்புக்கு எதிர் அணி இல்லை. அது இழுக்கும் இழுப்புதான் உங்கள் மகள் கண்ட காந்த ஈர்ப்பு. 580 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கினால் இந்த ஒழுங்கு குலைந்து ஈர்ப்பு போய்விடும். ஹேமடைட்டில் இரும்பு எல்லாம் பெரிய சந்திலேயே, அடுத்தடுத்த வரிசைகள் எதிரெதிராக இழுத்து ஏறத்தாழ முழுக்கச் சமம். நூலளவு சாய்வு மட்டும் மிச்சம், அதனால் மிக மெல்லிய காந்தத்தன்மை. மேகமைட் எப்படியென்றால், மேக்னடைட்டின் அதே அடுக்கில் இரண்டு இழந்த இரும்பே இல்லாமல் போய், சில பெரிய சந்துகள் காலியாகக் கிடக்கின்றன. சூத்திரம் ஹேமடைட்டினுடையது, வீடு மேக்னடைட்டினுடையது. அட்டவணைக்காரர்கள் வீட்டைப் பார்த்து இடம் கொடுத்தார்கள். நான் அவர்கள் பக்கம்தான். மேகமைட்டைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் அடுக்கு மாறி ஹேமடைட்டாகிவிடும், காந்தமும் போய்விடும். ஓர் அணுவும் சேராமல், ஓர் அணுவும் போகாமல். சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வகைப்படுத்துபவருக்கு இதற்குப் பதில் சொல்ல வழியே இல்லை.

மேக்னடைட்டின் இந்த வீட்டுக்கு ஸ்பைனல் என்று பெயர். அலுமினியம், மெக்னீசியம், குரோமியம் எல்லாம் வெவ்வேறு கூட்டணியில் அங்கே குடியிருக்கும். குரோமைட் கூட அந்தக் குடும்பம்தான். ஹேமடைட்டின் உறவுக்காரர் யார் தெரியுமா? மாணிக்கம். மாணிக்கமும் நீலமும் கொரண்டம் என்ற அலுமினிய ஆக்சைடு. அதில் அலுமினியம் இருக்கும் இடத்தில் இரும்பை வைத்தால் ஹேமடைட். விலைதான் வேறு. அதே வீட்டில் ஒரு வரிசை இரும்பு, ஒரு வரிசை டைட்டானியம் என்று மாற்றி மாற்றி வைத்தால் இல்மனைட். அதனால்தான் அது ஹேமடைட்டின் பக்கத்து இருக்கை. நிறமும் கனமும் மேக்னடைட் போலவே இருப்பதால் மணலில் பார்த்தால் குழப்பும், அவ்வளவுதான்.

லிமோனைட் என்றும் எங்காவது படித்திருப்பீர்கள். அது கனிமமே இல்லை. கோதைட்டும் அதைச் சேர்ந்த நீர்க்கூறுள்ள ஆக்சைடுகளும் கலந்துகிடக்கும் மஞ்சள் பழுப்புக் கலவைக்கு, வெளியில் கல் பொறுக்குபவர்கள் வைத்த வசதிப் பெயர்.

உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் செங்குன்றம் இருக்கிறது. அந்த ஊரின் செம்மை, செம்புரைக்கல்லின் செம்மை. ஹேமடைட்டும் கோதைட்டும் களிமண்ணில் ஊறிய நிறம். பொன்னேரிப் பக்கம் சூளைகளில் பழுப்பு மண் உள்ளே போய்ச் சிவப்புச் செங்கல்லாக வருவதும் இந்த வகைப்பாட்டின் ஒரு பக்கம்தான். சூடு பட்டால் கோதைட் தன் நீரை விட்டுவிட்டு ஹேமடைட்டாகிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கடையில் மஞ்சள் காவி வாங்கி, பழைய இரும்புக் கரண்டியில் கொஞ்சம் போட்டு, அடுப்பில் பெரியவர் யாராவது பிடித்து வறுத்தால் சிவப்புக் காவியாகிவிடும். ஆனால் உண்மையான மண் காவியாக இருக்க வேண்டும். சாயம் சேர்த்த பொடி என்றால் புகைந்து நாறும். பிராஜெக்டுக்குக் கறுப்பு மணலைவிட இது எனக்குப் பிடித்த சோதனை. தூய கோதைட்டில் எடை 10 சதவீதம் குறையும், பள்ளித் தராசுக்கே சிக்கும்.

இனி "பெரும்பாலும்" என்றதற்கு வருகிறேன். கறுப்பு மணல் ஏன் உங்கள் கரையில் இவ்வளவு கண்ணில் படுகிறது? நம் கடலோரத்தில் மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1875இல் அடிக்கல் போட்ட துறைமுகத்தின் சுவர்கள் அந்த நடையை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. அதற்காகத்தான் அத்தனை கல் கொட்டிச் சுவரும் கடலுக்குள் நீட்டிய கல் வரிசைகளும் போட்டிருக்கிறார்கள். அலை கரையைத் தின்னும்போது அம்மா அரிசியில் கல் அரிப்பது போலத்தான் செய்கிறது: லேசானதை ஏந்திக்கொண்டு போகும், கனமானது அடியில் நிற்கும். வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். மேக்னடைட் 5.2 மடங்கு, இல்மனைட் 4.7. கூடவே இளஞ்சிவப்பாக மின்னுவது கார்னெட், அது சுமார் 4. புயலோ பெரிய அலையோ ஓய்ந்த மறுநாள் கரையில் கறுப்புப் பட்டைகள் தெரிவது இதனால்தான்.

ஆக அந்தத் தூளில் மேக்னடைட் இருக்கும். அதன் பல மணிகளில் டைட்டானியமும் கொஞ்சம் ஊடுருவியிருக்கும், ஒரு மணிக்குள்ளேயே இல்மனைட் இழை இழையாகப் பிரிந்து கிடப்பதும் சகஜம். ஆனால் வட சென்னைக் கரையில் காந்தத்தை இழுத்தால் கடல் கொண்டுவந்தது மட்டும் ஒட்டாது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் கலந்த கதை ஊரறிந்தது. நிலக்கரியில் இருக்கும் இரும்புச் சேர்மங்கள் உலையில் உருகி, காற்றிலேயே துளித்துளியாக இறுகிவிடும். அந்தத் துளிகளில் பலதும் மேக்னடைட் நிறைந்தவை, காந்தத்தில் நன்றாக ஒட்டும். படகுப் பட்டறையில் வெல்டிங் தெறிப்பு, கொல்லுப்பட்டறைச் செதில், துருப்பிடித்த ஆணிப் பொடி எல்லாமே ஒட்டும். துரு மேலே மஞ்சளும் செம்பழுப்புமாக இருந்தாலும் உள்பக்கம் கறுப்பாக மேக்னடைட் படிந்திருக்கும். ஜன்னல் கம்பியில் இருந்து உதிர்ந்த செதிலைக் காந்தத்திடம் காட்டிப் பாருங்கள்.

இங்கே வகைப்பாட்டுக்காரர்கள் இன்னொரு வேலியும் போட்டிருக்கிறார்கள். கனிமம் என்ற பட்டம் புவியியல் நிகழ்வில் தானாக உண்டானதற்குத்தான். உலையில் பிறந்த துளியின் வேதியியலும் அடுக்கும் மேக்னடைட்டேதான், எக்ஸ்ரே படம் ஒன்றேதான், ஆனால் அது கனிமக் கணக்கில் வராது. கொஞ்சம் வறட்டுத்தனமாகத் தோன்றலாம். 22 வருடம் தாது பார்த்த எனக்கே ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. இந்த வேலி இல்லையென்றால் ஒவ்வொரு தொழிற்சாலைக் கழிவுக்கும் ஒரு கனிமப் பெயர் வேண்டியிருக்கும் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

மாலை, கைவளையல் என்று "மேக்னடிக் ஹேமடைட்" விற்கிறார்களே, அதையும் இதில் தீர்த்துவிடலாம். பளபளவென்று கறுப்பு மணிகள், ஒன்றோடொன்று படக்கென்று ஒட்டும். ஹேமடைட் அப்படி ஒட்டாது. அது பெரும்பாலும் ஆலையில் செய்த ஃபெரைட் பீங்கான். உங்கள் மகள் கையில் இருந்த ஸ்பீக்கர் காந்தமும் பெரும்பாலும் அதே இனம்தான்: ஸ்ட்ரான்ஷியமோ பேரியமோ கொஞ்சம் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. இரும்பு ஆக்சைடைத் தேட இரும்பு ஆக்சைடையே கொண்டுபோயிருக்கிறாள்.

பிரித்துப் பார்க்க லேப் தேவையில்லை. முதலில் தூளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிக் காயவையுங்கள், உப்பு இருந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் சுற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். கவரை உருவினால் தூள் தானாக உதிரும். நேரடியாக இழுத்தால் ஜென்மத்துக்கும் அந்தக் காந்தத்தைச் சுத்தம் செய்ய முடியாது. அப்புறம் வெள்ளைத் தாளில் பரப்பி ஒரு நல்ல லென்ஸில் பாருங்கள். முனை மழுங்கிய கோணல்மாணல் கறுப்பு மணிகள் கடல் கொடுத்தவை. உருண்டு திரண்டு கண்ணாடி போல மின்னும் குட்டிப் பந்துகள் இருந்தால் அவை உலைக்காரர்கள். தட்டையான செதில் என்றால் பட்டறையோ துருவோ. சில மணிகளை மெருகில்லாத இரண்டு வெள்ளை டைல் துண்டுகளுக்கு நடுவே நசுக்கித் தேய்த்தால் கோடு கறுப்பாக விழ வேண்டும். செம்பழுப்பு விழுந்தால் துரு கலந்திருக்கிறது. முதல் காந்தத்தில் ஒட்டாமல் மிஞ்சிய கறுப்பு மணலை எடுத்து, பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்து கழற்றிய பலமான காந்தத்தைக் காட்டினால் இல்மனைட் மெதுவாக அசைந்து வரும், கார்னெட்டும் கூடவே வரலாம். ரிச்சி தெருவில் செத்த ஹார்ட் டிஸ்க் மலிவாகக் கிடைக்கும். அதன் காந்தத்தில் விரல் சிக்கினால் நசுங்கும், கழற்றுவதை நீங்கள் செய்யுங்கள்.

நோட்டில் இரண்டு பாட்டிலுக்கு இரண்டு லேபிள் எழுதச் சொல்லுங்கள். ஒன்றில்: "மேக்னடைட் மிகுந்த கடற்கரை மணல், திருவொற்றியூர். ஆக்சைடு வகுப்பு, ஸ்பைனல் குடும்பம். ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டியது, கீற்று கறுப்பு." இன்னொன்றில்: "இல்மனைட், கார்னெட் கலந்த மணல், ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டாதது." எடுத்த தேதியும், எந்தக் கல் வரிசைக்குப் பக்கத்தில் என்பதும் கட்டாயம் வேண்டும். குட்டிப் பந்துகள் கிடைத்திருந்தால் அவற்றுக்கு மூன்றாவதாக ஒரு சின்னப் பாட்டில், கனிமம் என்று போடாமல் "சாம்பல் துளிகள்" என்று மட்டும். ஹேமடைட் என்று சொன்ன டீச்சரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், வறுத்த காவியை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புங்கள். அதில் இருப்பது ஹேமடைட்தான்.